உங்க தெரு சாக்கடைக்கு யார் பொறுப்பு? 1939-இல் மெட்ராஸ் எழுதிய பதில்

(ஒலிப்பதிவில் பேசியதைப் படிக்க வசதியாகக் கொஞ்சம் திருத்தித் தொகுத்திருக்கிறோம்.)



2020 செப்டம்பர் ஞாபகம் இருக்கா? மாஸ்க் போடாம வெளியே வந்தா 200 ரூபாய் ஃபைன். ரோட்டில் எச்சில் துப்பினா 500. சிக்னல் பக்கத்தில் நோட்டோட நிற்கிறவரைப் பார்த்ததும், கழுத்தில் தொங்கின மாஸ்க்கை அவசரமா மூக்குக்கு ஏற்றினவங்க நம்மில் பல பேர். அந்த ஃபைனை எந்தச் சட்டத்தின் கீழ் போடுறாங்கன்னு அப்ப நான் யோசிக்கவே இல்லை. கொரோனாவுக்குன்னு புதுசா ஏதோ போட்டிருப்பாங்கன்னு விட்டுட்டேன்.

புதுசு இல்லை. அது தமிழ்நாடு பொதுச் சுகாதாரச் சட்டம், 1939. அதில் அவசரச் சட்டம் மூலமா ஒரு திருத்தம் கொண்டுவந்துதான் அந்த 200 ரூபாயை வசூல் பண்ணாங்க. அந்தச் சட்டம் பிறந்தபோது அதன் பெயர் மெட்ராஸ் பொதுச் சுகாதாரச் சட்டம். இரண்டாம் உலகப் போர் அப்போது இன்னும் தொடங்கவில்லை. இந்தியாவில் ஒரு மாகாணம் பொதுச் சுகாதாரத்துக்கென்றே முழுசாக எழுதிய முதல் சட்டம் என்று இதைத்தான் சொல்கிறார்கள்.

இந்த எபிசோட் அந்தச் சட்டத்தைப் பற்றியது. ஆனால் எனக்கு இதில் ஆர்வம் வந்ததுக்குக் காரணம் கொரோனா கிடையாது. ஒரு சாக்கடை.

சில வருஷம் முன்னாடி நான் வாடகைக்கு இருந்த தெருவில் (ஊர் பெயர் வேண்டாம்) குழாய்த் தண்ணியில் ஒரு வாடை வர ஆரம்பிச்சுது. முதல்ல போன ஆபீசில், "குழாய் எங்களுதுதான் சார், ஆனா கலக்கிறது சாக்கடை, அது எங்க கையில இல்ல" என்றார்கள். இரண்டாவது ஆபீசில், "சாக்கடை நாங்கதான், ரோட்டை வெட்டணும்னா வேற ஆபீஸ்ல அனுமதி வாங்கணும்." மூணாவது ஆபீஸ் போனப்ப லஞ்ச் டைம். அந்த வாரம் எதிர்வீட்டுக் குழந்தைக்கு வயித்துப்போக்கு வந்து ட்ரிப்ஸ் ஏத்துற அளவுக்குப் போயிடுச்சு. பதினோரு நாள் கழிச்சு ஒரு காலையில் பள்ளம் தோண்டி, பைப்பை மாத்தி, மூடிட்டுப் போயிட்டாங்க. யார் வந்து செஞ்சாங்கன்னு இன்னைக்கு வரைக்கும் தெருவில் யாருக்கும் தெரியாது.

நல்லது நடந்துச்சு, சந்தோஷம். ஆனா நன்றி சொல்லவும் ஆள் இல்லை, திட்டவும் ஆள் இல்லை. பொதுச் சுகாதாரத்தின் வரலாறு முழுக்க இந்த ஒரு கேள்வியைச் சுற்றித்தான் ஓடுது. யார் பொறுப்பு? அந்த ஆளுக்கு அதிகாரம் இருக்கா? கையில் காசு இருக்கா?

சரி, பின்னாடி போவோம்.

அறிக்கை எழுதுகிற அதிகாரி

பிரிட்டிஷ் அரசுக்கு இந்தியாவின் சுகாதாரத்தில் அக்கறை வந்தது மக்களைப் பார்த்து இல்லை. சிப்பாய்களைப் பார்த்து. 1857 கலகத்துக்குப் பிறகு இங்கே பிரிட்டிஷ் படைகளை அதிகமாக நிறுத்த வேண்டி வந்தது. அந்தப் படைகள் சண்டையில் சாவதைவிட காலரா, காய்ச்சல், சீதபேதியில்தான் அதிகம் செத்தன. 1859-இல் இதை விசாரிக்க ஒரு ராயல் கமிஷன் போட்டார்கள். அதற்குப் பின்னால் இருந்து இயக்கியவர்களில் முக்கியமானவர் ஃப்ளாரன்ஸ் நைட்டிங்கேல். 1863-இல் வந்த அறிக்கை, இந்தியாவில் இருக்கும் பிரிட்டிஷ் சிப்பாய்களில் ஆண்டுக்கு ஆயிரத்துக்கு 69 பேர் சாகிறார்கள் என்றது. அடுத்த வருஷமே மெட்ராஸ், பம்பாய், வங்காளம் மூன்று மாகாணங்களிலும் சானிட்டரி கமிஷன்கள் வந்தன. அதிலிருந்து சானிட்டரி கமிஷனர் என்ற பதவி உருவானது.

அந்தக் கமிஷனர் என்ன செய்வார்? ஊர் ஊராகப் போவார். கிணற்றைப் பார்ப்பார், சாவுக் கணக்கைச் சேர்ப்பார், வருஷத்துக்கு ஒரு தடிமனான அறிக்கை போடுவார். உத்தரவு போட முடியாது, ஆலோசனைதான் சொல்லலாம்.

அந்தப் பதவியில் இருந்த ஒருத்தரைப் பற்றி மட்டும் கொஞ்சம் நின்று பேச ஆசை. வில்லியம் ராபர்ட் கார்னிஷ். 1871-இல் மெட்ராஸ் மாகாணத்தின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு அறிக்கையை எழுதியவரும் அவரே. அதாவது எத்தனை பேர் இருக்காங்கன்னு எண்ணியவர். ஐந்தே வருஷத்தில், எத்தனை பேர் இல்லாமல் போறாங்கன்னு எண்ண வேண்டிய நிலை அவருக்கு வந்தது. நம்ம பாட்டிமார் தாது வருஷப் பஞ்சம்னு சொல்வாங்களே, 1876-78, அது.

வைஸ்ராய் லிட்டன், சர் ரிச்சர்ட் டெம்பிள் என்பவரைப் பஞ்சப் பகுதிகளைப் பார்க்க அனுப்பினார். செலவைக் குறைப்பதுதான் டெம்பிளுக்கு வேலை. அவருக்கு ஒரு முன்கதை உண்டு. சில வருஷம் முன்னாடி பீகார் பஞ்சத்தில் தாராளமாக நிவாரணம் கொடுத்து, "இவ்வளவு செலவா?"ன்னு மேலிடத்தில் திட்டு வாங்கியிருந்தார். அதனால் மெட்ராசில் அதற்கு நேர் எதிராக நடந்துகொண்டார். நிவாரண வேலையில் கல்லுடைக்கும் ஆணுக்கு ஒரு நாளைக்கு ஒரு பவுண்டு தானியம், கூட ஒரு அணா. ஒரு பவுண்டுன்னா சுமார் 450 கிராம். பெண்களுக்கும் வேலை செய்யும் குழந்தைகளுக்கும் அதைவிடக் குறைவு.

கார்னிஷ் எதிர்த்தார். உடம்பு உழைக்க எவ்வளவு வேண்டும் என்று கணக்குப் போட்டு, குறைந்தது ஒன்றரை பவுண்டு தானியம், அதோடு காய்கறி, பருப்பு வேண்டும் என்று வாதாடினார். இந்தக் கூலியில் வேலை வாங்கினால் மெதுவாகக் கொல்வதுதான் நடக்கும் என்பது அவர் கட்சி. 1877 மார்ச்சில் மெட்ராஸ் அரசு பாதி வழி இறங்கி வந்தது. ஒன்றேகால் பவுண்டு தானியம், கொஞ்சம் பருப்பு. பஞ்சம் முடிந்தபோது பிரிட்டிஷ் பகுதிகளில் மட்டும் ஐம்பது லட்சத்துக்கு மேல் செத்திருக்கலாம் என்று மதிப்பிடுகிறார்கள்.

அந்தக் கால்பவுண்டு அதிகரிப்பால் எத்தனை பேர் பிழைத்தார்கள் என்று கணக்கிட வழியில்லை. ஆனால் அந்த மனிதர் கையில் இருந்தது பேனா மட்டும்தான் என்பதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்க. சரியான தகவல், சரியான ஆள், சரியான நேரம் எல்லாம் இருந்தது. அதிகாரம் மட்டும் வேறிடத்தில் இருந்தது.

பொறுப்பு உனக்கு, பணம் எனக்கு

சென்ட்ரல் ஸ்டேஷன் பக்கத்தில் வெள்ளை நிறத்தில் நிற்கிற ரிப்பன் மாளிகை தெரியுமில்லையா, மாநகராட்சித் தலைமையகம். அந்தப் பெயருக்குச் சொந்தக்காரர் ரிப்பன் பிரபு, லிட்டனுக்கு அடுத்து வந்த வைஸ்ராய். 1882-இல் உள்ளாட்சி பற்றி அவர் கொண்டுவந்த தீர்மானத்தால்தான் இந்தியாவில் உள்ளாட்சியின் தந்தை என்று அவரைச் சொல்கிறோம். உள்ளூர் மக்களே தங்கள் தெருவை, விளக்கை, கிணற்றை, குப்பையைப் பார்த்துக்கொள்ளட்டும் என்பது அதன் சாரம்.

கேட்க அழகா இருக்கு. ஆனா ஒரு சிக்கல். வரி கட்டுகிறவனுக்குத்தான் ஓட்டு. சாக்கடை போட வேண்டுமென்றால் வரியை ஏற்ற வேண்டும். வரியை ஏற்றினால் ஓட்டுப் போட்டவன் கோபப்படுவான். காலராவில் சாகிறவன் பெரும்பாலும் வரி கட்டுகிற வீட்டுக்காரன் இல்லை, அவனுக்கு ஓட்டும் இல்லை. அப்ப ஒரு நகராட்சித் தலைவர் என்ன முடிவெடுப்பார்? அவரை வில்லனாக்க வேண்டாம். அந்த இடத்தில் நான் இருந்திருந்தாலும் சாக்கடையை அடுத்த வருஷத்துக்குத் தள்ளியிருப்பேன் என்றுதான் நினைக்கிறேன்.

இதற்கிடையில் 1896-இல் பம்பாயில் பிளேக் வந்தது. அரசு பயந்துபோய் 1897 பிப்ரவரியில் தொற்றுநோய்கள் சட்டம் கொண்டுவந்தது. நாலே நாலு பிரிவு. சுருக்கமாகச் சொன்னால், நோய் பரவும்போது அரசு எது தேவை என்று நினைக்கிறதோ அதைச் செய்யலாம், அதை எதிர்த்து யாரும் வழக்குப் போட முடியாது. புனேயில் சிப்பாய்கள் வீடு வீடாகப் புகுந்தார்கள், ஆட்களை இழுத்துப் போனார்கள். கோபம் கொதித்து, பிளேக் கமிட்டித் தலைவர் ராண்ட் 1897 ஜூனில் சுடப்பட்டார். சாபேகர் சகோதரர்கள் தூக்கிலிடப்பட்டார்கள். 2020-இல் கொரோனா வந்தபோதும் இந்த நாலு பிரிவுச் சட்டத்தைத் தூசி தட்டி எடுத்தார்கள்.

இந்த 1897 சட்டத்தில் இல்லாத ஒரு விஷயத்தைக் கவனிங்க. நோய் வந்த பிறகு அரசுக்கு என்ன அதிகாரம் என்று இருக்கிறது. நோய் வராமல் இருக்க அரசுக்கு என்ன கடமை என்று ஒரு வரி கூட இல்லை.

1918-இல் ஃப்ளூ வந்து இந்தியாவில் ஒரு கோடிக்கு மேல் செத்தார்கள். அடுத்த வருஷம், 1919-இல், இந்திய அரசுச் சட்டம். பள்ளிக் கூடத்தில் "இரட்டை ஆட்சி"ன்னு மனப்பாடம் பண்ணியிருப்போம், எனக்கு அதில் ரெண்டு மார்க்கு போச்சு. அதன்படி போலீஸ், நிலவரி மாதிரி விஷயங்களை ஆங்கிலேயர்கள் தங்கள் கையில் வைத்துக்கொண்டு, சுகாதாரம், கல்வி, உள்ளாட்சி எல்லாவற்றையும் மாகாணங்களின் இந்திய அமைச்சர்களிடம் கொடுத்தார்கள். செலவு வைக்கிற துறைகள் உங்களுக்கு, வரவு தருகிற துறைகள் எங்களுக்கு.

ஆனால் மெட்ராஸ் அந்தக் கையில் கிடைத்ததை வைத்து ஒரு காரியம் செய்தது. 1920-களின் தொடக்கத்திலேயே, ஆஸ்பத்திரிகளை நடத்தும் மருத்துவத் துறையிலிருந்து தனியாக, பொதுச் சுகாதாரத்துக்கென்று ஒரு துறையையும் ஒரு இயக்குநரையும் உருவாக்கியது. மாவட்டங்களுக்குச் சுகாதார அதிகாரிகள் போனார்கள். இது சின்ன விஷயமாகத் தெரியலாம். ஆஸ்பத்திரி டாக்டர் முன்னால் எப்போதும் ஒரு நோயாளி உட்கார்ந்திருப்பார். பொதுச் சுகாதார அதிகாரி முன்னால் யாரும் உட்கார்ந்திருக்க மாட்டார்கள். அவர் வேலை ஒழுங்காக நடந்தால் எதுவும் நடக்காது. ரெண்டு பேரையும் ஒரே துறையில் போட்டு ஒரே பட்ஜெட்டைப் பங்கு போடச் சொன்னால் யார் ஜெயிப்பாங்கன்னு சொல்லவே வேண்டாம்.

ஒரு டாக்டர் அமைச்சர், கோயிலும் காலராவும்

1937 ஜூலையில் ராஜாஜி தலைமையில் மெட்ராசில் காங்கிரஸ் அரசு அமைந்தது. அதில் பொதுச் சுகாதார அமைச்சர் டி.எஸ்.எஸ். ராஜன். இவர் ஒரு டாக்டர். லண்டன் போய்ப் படித்தவர், அங்கே வ.வே.சு. ஐயரோடு இந்தியா ஹவுஸ் வட்டாரத்தில் இருந்தவர். 1930-இல் வேதாரண்யம் உப்புச் சத்தியாகிரக யாத்திரை கிளம்பியது திருச்சியில் இவர் வீட்டிலிருந்துதான்.

இவர் கையில் இருந்த இன்னொரு துறை அறநிலையம். ஒரே அமைச்சரிடம் கோயிலும் சுகாதாரமும். இன்றைக்கு வேடிக்கையாகத் தெரியலாம். திட்டமிட்டுத்தான் சேர்த்தார்களா என்று எனக்குச் சந்தேகம்தான். ஆனால் அந்தக் காலத்தில் இந்த ரெண்டுக்கும் நடுவில் ஒரு நேர்க்கோடு இருந்தது. திருவிழா. லட்சக்கணக்கில் கூட்டம், ஒரே குளம், ஒரே ஆற்றங்கரை, கழிப்பறை கிடையாது. ஒருத்தருக்குக் காலரா இருந்தால் போதும். யாத்திரை முடிந்து எல்லாரும் ரயிலில் ஊர் திரும்பும்போது நோயும் கூடவே டிக்கெட் இல்லாமல் போகும். காலரா பற்றிப் பேசிய எந்தச் சுகாதார அதிகாரியும் திருவிழாவைப் பற்றிப் பேசாமல் இருந்ததில்லை.

இந்தப் பின்னணியில்தான் 1939 சட்டம் வருகிறது. அதைத் திறந்து படித்தால் அது நூறு பிரிவுகளுக்கு மேல் போகிற நீண்ட சட்டம். தலைப்புகளை மட்டும் பார்த்தாலே ஒரு ஊர் கண்ணுக்குத் தெரியும். குடிநீர். வடிகால். கழிப்பறை. தொல்லை தரும் விஷயங்களை அகற்றுதல். நோய்த் தடுப்பு. தாய் சேய் நலம். கொசு. கட்டடங்கள். தங்கும் விடுதிகள் (திருவல்லிக்கேணி மேன்ஷன்களை நினைச்சுக்கோங்க). உணவு. சந்தைகளும் திருவிழாக்களும். நோய் வந்தால் என்ன செய்வது என்பது அதில் ஒரு அத்தியாயம். மீதி முழுக்க நோய் வராமல் இருக்க ஊர் எப்படி இருக்க வேண்டும் என்பதுதான். கொசுப்புழு வளர்கிற மாதிரி வீட்டில் தண்ணீரைத் தேக்கி வைத்தால் அது குற்றம் என்பது அன்றைக்கே அதில் இருக்கிறது. இன்றைக்கு மொட்டை மாடி டயரைப் பார்த்து நோட்டீஸ் கொடுக்க வருகிறவரின் கொள்ளுத்தாத்தா அந்தப் பிரிவு.

எனக்குப் பிடித்தது, ஒவ்வொரு அத்தியாயத்திலும் ஒரு எழுவாய் இருக்கிறது. "தண்ணீர் வழங்கப்பட வேண்டும்" என்று காற்றில் விடவில்லை. உள்ளாட்சி அமைப்பு வழங்க வேண்டும். உள்ளாட்சி வடிகால் போட வேண்டும். உள்ளாட்சி கழிப்பறை கட்ட வேண்டும். தமிழ் வாத்தியார் சொல்வாரே, செயப்பாட்டுவினையில் எழுதினா யார் செஞ்சாங்கன்னு தெரியாதுன்னு. அரசாங்கக் கடிதங்கள் ஏன் அப்படி எழுதப்படுகின்றன என்று இப்ப புரியுது. இந்தச் சட்டத்தை எழுதியவர்கள் அந்த ஓட்டையை அடைத்திருந்தார்கள்.

அடுத்து, காசு. பொறுப்பை மட்டும் கொடுத்தால் என்ன ஆகும் என்று அவர்கள் ரிப்பன் காலத்திலிருந்து அரை நூற்றாண்டு பார்த்திருக்கிறார்கள். அதனால் சட்டத்திலேயே எழுதினார்கள். அரசு மானியம் தவிர்த்த தன் வருமானத்தில் ஒவ்வொரு நகராட்சியும் 30 சதவீதத்துக்குக் குறையாமல் சுகாதாரத்துக்கு ஒதுக்க வேண்டும். மாவட்ட வாரியங்களுக்கு 12.5 சதவீதம். தலைவருக்கு மனசு இருந்தாலும் இல்லாவிட்டாலும், அடுத்த வருஷத்துக்குத் தள்ள முடியாது.

மூணாவதாக, மாநிலம். அப்போது மாகாணம். உள்ளாட்சி தன் வேலையைச் செய்யவில்லை என்றால் என்ன? பொதுச் சுகாதார இயக்குநர் வந்து பார்க்கலாம், இதைச் செய் என்று சொல்லலாம். கேட்காவிட்டால் அரசு தலையிடலாம். கொள்ளைநோய் நேரத்தில் கூடுதல் ஆட்களைப் போடச் சொல்லலாம். கார்னிஷ் கையில் பேனா மட்டும் இருந்தது என்றேனே, அறுபது வருஷம் கழித்து அவர் வாரிசுகள் கையில் ஒரு கோலும் வந்தது.

சட்டம் வந்த அதே வருஷம் அக்டோபரில், போர் விவகாரத்தில் ராஜாஜி அமைச்சரவை ராஜினாமா செய்துவிட்டது. சட்டம் நின்றது.

காசு இல்லைன்னு சொன்னா?

இந்த இடத்தில் மெட்ராசை விட்டுக் கொஞ்சம் வெளியே போகணும். ஏன்னா, காசு இல்லை என்ற பதிலுக்குச் சட்டம் என்ன சொல்லும் என்ற கேள்வி, நாட்டின் உச்ச நீதிமன்றம் வரைக்கும் வந்தது வேறொரு ஊரிலிருந்து. மத்தியப் பிரதேசத்தில் இருக்கிற ரத்லாம்.

1970-களில் ரத்லாமில் ஒரு தெரு. திறந்த சாக்கடை. பக்கத்தில் ஒரு சாராய ஆலையின் கழிவு அதில் ஓடுகிறது. அருகிலிருந்த குடிசை மக்களுக்குக் கழிப்பறை இல்லாததால் அவர்களுக்கும் அந்தச் சாக்கடைதான் வழி. கொசு, நாற்றம். தெருவாசிகள் நகராட்சியிடம் கேட்டுக் கேட்டு அலுத்து, மாஜிஸ்திரேட்டிடம் போனார்கள். அன்றைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் பொதுத் தொல்லையை அகற்றச் சொல்லும் ஒரு பிரிவு இருந்தது, அதைப் பிடித்தார்கள். மாஜிஸ்திரேட், சரி செய் என்று நகராட்சிக்கு உத்தரவு போட்டார். நகராட்சி மேல்முறையீடு போனது. செஷன்ஸ் கோர்ட்டில் நகராட்சிக்கு ஜெயம், ஹைகோர்ட்டில் தெருவுக்கு ஜெயம், கடைசியில் டெல்லி. நகராட்சியின் வாதம்: எங்ககிட்ட காசு இல்லை.

1980-இல் தீர்ப்பு எழுதியவர் நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர். காசு இல்லை என்பது ஒரு பதிலே இல்லை என்றார். மனிதர் கண்ணியமாக மலஜலம் கழிக்க வசதி செய்து தருவது நகராட்சியின் முதல் கடமை, பட்ஜெட்டைக் காட்டித் தப்பிக்க முடியாது. இன்னொன்றும் சொன்னார், அதுதான் என் மனசில் நின்றது. குடிசை மக்களை அவர் குற்றம் சொல்லவில்லை. கழிப்பறை இல்லாத ஊரில் வெட்கம் என்பதே ஏழைக்குக் கட்டுப்படியாகாத ஆடம்பரம் என்ற தொனியில் எழுதினார். கெடுவும் கொடுத்தார்.

கிருஷ்ணய்யர் தலைச்சேரியில் வக்கீலாக இருந்தவர். தலைச்சேரி மலபாரில் இருக்கிறது, மலபார் அன்று மெட்ராஸ் மாகாணம். 1952-இல் அவர் மெட்ராஸ் சட்டமன்ற உறுப்பினர். 1939 சட்டம் அமலில் இருந்த மண்ணிலிருந்து போன மனிதர். அதை வைத்து நான் எதையும் நிரூபிக்கப் போவதில்லை. ஆனா 2023-இல் கேரளம் தனக்கென ஒரு புதிய பொதுச் சுகாதாரச் சட்டம் போடும் வரைக்கும் மலபார் பகுதியில் ஓடிக்கொண்டிருந்தது இந்த மெட்ராஸ் சட்டம்தான் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கட்டும்.

உதவிக்கு வந்தவர் வீட்டிலேயே தங்கிவிட்டால்

சுதந்திரத்துக்குப் பிறகு அரசியலமைப்பு பொதுச் சுகாதாரத்தை மாநிலப் பட்டியலில் வைத்தது. 1992-இன் திருத்தங்கள் வந்தபோது பஞ்சாயத்து, நகராட்சிக்கான பட்டியல்களிலும் சுகாதாரம் ஏறியது. இதற்கு நடுவில் பல மாநிலங்கள், 1946-இல் வந்த போர் கமிட்டி அறிக்கையின் வழியில், மருத்துவத்தையும் பொதுச் சுகாதாரத்தையும் ஒரே துறையாக இணைத்தன. காகிதத்தில் நல்ல யோசனை. நடைமுறையில் ஆஸ்பத்திரி பொதுச் சுகாதாரத்தை விழுங்கியது. தமிழ்நாடு இணைக்கவில்லை. தனி இயக்குநரகம், தனிப் பட்ஜெட், அதற்கென்று பயிற்சி பெற்ற ஆட்கள் என்று 1920-களின் அமைப்பை அப்படியே வைத்துக்கொண்டது.

அதன் பலன் தெரிந்தது 2004 டிசம்பரில். சுனாமி. நாகப்பட்டினம், கடலூர் கடற்கரைகளில் சடலங்கள், உப்பேறிய கிணறுகள், முகாம்களில் ஆயிரக்கணக்கானவர்கள். காலரா, வயிற்றுப்போக்கு வெடிக்கும் என்று எல்லாரும் பயந்தார்கள். சுகாதாரக் குழுக்கள் மற்ற மாவட்டங்களிலிருந்து இறக்கப்பட்டன. தண்ணீருக்குக் குளோரின், கழிவுக்குப் பிளீச்சிங் பவுடர், தடுப்பூசி. பெரிய கொள்ளைநோய் எதுவும் வரவில்லை. வராத ஒன்றுக்கு யாரும் செய்தி போட மாட்டார்கள், அதனால் நம்மில் பலருக்கு இது தெரியாது.

இவ்வளவு தூரம் கேட்டுட்டு, சூப்பர் சட்டம், சூப்பர் மாநிலம்னு முடிச்சிடலாம். எனக்கு அப்படி முடிக்க மனசு வரலை.

1939 சட்டத்தில் மூணு கால் இருந்தது. உள்ளாட்சிக்குக் கடமை, உள்ளாட்சிக்குக் காசு, மேலே இருந்து மாநிலத்தின் கண்காணிப்பு. இதில் மூணாவது கால் மட்டும் வளர்ந்துகொண்டே போனது. மெட்ராஸ் மாநகராட்சி 1688-இல் பிறந்தது, இந்தியாவிலேயே பழசு. அதன் மன்றத்தை 1973 கடைசியில் மாநில அரசு கலைத்தது. மஸ்டர் ரோல் ஊழல் என்பது காரணம். ஊழல் நடந்திருந்தால் தண்டிக்க வேண்டியதுதான். ஆனால் அடுத்த தேர்தல் நடந்தது 1996-இல். நடுவில் 23 வருஷம் கவுன்சிலர் இல்லை, மேயர் இல்லை. அந்த இடைவெளியில்தான், 1978-இல், குடிநீரும் கழிவுநீரும் மாநகராட்சியிடமிருந்து தனி வாரியத்துக்குப் போயின. நிர்வாகரீதியாக அதற்குக் காரணங்கள் இருக்கலாம். ஆனால் தண்ணீர் ஒருவரிடம், மழைநீர் வடிகால் இன்னொருவரிடம் என்று ஆனது அப்போதுதான். 1939-இல் கஷ்டப்பட்டு எழுதின அந்த எழுவாய் ரெண்டாக உடைந்தது.

அப்புறம் 2016 அக்டோபரில் மன்றத்தின் பதவிக்காலம் முடிந்தது. தேர்தல் தள்ளிப்போனது. தள்ளிக்கொண்டே போனது. 2020-இல் கொரோனா வந்தபோது இந்த ஊரில் மக்கள் தேர்ந்தெடுத்த ஒரு கவுன்சிலர் கூடக் கிடையாது. கணக்குப் போட்டுப் பார்த்தேன். 1973 முதல் 2022 வரை 49 வருஷத்தில் சுமார் 28 வருஷம் சென்னைக்கு மன்றமே இல்லை.

கொரோனா காலத்தில் அதிகாரிகள் உழைத்ததை நான் குறைத்துச் சொல்லவில்லை. காய்ச்சல் முகாம்கள், வீடு வீடாக வந்து வெப்பநிலை பார்த்த பெண்கள், குப்பையை ஒருநாளும் நிறுத்தாத தூய்மைப் பணியாளர்கள், எல்லாரையும் பார்த்தோம். ஆனால் தெருவைத் தகரம் வைத்து அடைத்தபோது, உள்ளே பால் எப்படி வரும், டயாலிசிஸுக்கு எப்படிப் போவது என்று யாரிடம் கேட்பது? ஹெல்ப்லைன் நம்பர் இருந்தது. அடுத்த தடவை ஓட்டுக் கேட்டு வரப்போகிற ஒரு முகம் இல்லை. கண்காணிப்பு நன்றாக வேலை செய்ததால் கீழே ஆள் இல்லாதது தெரியவில்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. சில பேர் இதை மறுப்பாங்க. கவுன்சிலர் இருந்திருந்தா மட்டும் என்ன கிழிச்சிருப்பார்னு கேட்பாங்க. கேட்கலாம். அந்தக் கேள்வியையே கவுன்சிலர்கிட்ட நேரா கேட்க முடியும்ங்கிறதுதான் என் கட்சி.

2022 பிப்ரவரி 19, நகர்ப்புற உள்ளாட்சித் தேர்தல். பூத் ஸ்லிப்பில் பார்த்துத்தான் என் வார்டு எண் என்னன்னு எனக்கே தெரிஞ்சுது. முன்னாடி வரிசையில் நின்ன பெரியவர் திரும்பி, "தம்பி, இது எந்த எலெக்‌ஷன்?"னு கேட்டார். சாக்கடைக்கான எலெக்‌ஷன்னு சொன்னேன். சிரிக்காம தலையாட்டிட்டு, உள்ளே போய் ஓட்டுப் போட்டுட்டு வந்தார்.